அடிபட்டவன் குரல்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நிஜமான விமானத்தில் அவர் ஏறியது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதிலும் நடு இருக்கை. ஆனால் சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மனிதர் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் போர் விமானி ஆகிவிடுவார். உள் அறைக் கதவு சாத்தப்படும். மேசைமேல் வரிசையாகத் திரைகள், வலது கைக்கு ஜாய்ஸ்டிக், இடது கைக்கு வேகம் கூட்டும் லீவர், காலடியில் பெடல்கள். பெடல்களைக் கழித்துப்போட்ட லிஃப்ட் கதவின் ஸ்பிரிங்கை வைத்து அவரே செய்துகொண்டார். நாற்காலி மட்டும் எங்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து போனது. அதற்குப் பிறகு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் யாராவது ஒருவர் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருந்தது.

அவரோடு சேர்ந்து பறக்க ஒரு குழு இருந்தது. ஆளுக்கொரு ஊர், சிலர் வேறு வேறு நாடு, ஹெட்செட் வழியாகத்தான் பழக்கம். அங்கே இவருக்குக் கமாண்டர் என்று பெயர். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிற மனிதரை ஊர் உலகமெல்லாம் கமாண்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பாக வரும்.

அந்தக் குழுவில் பறந்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். எதிரியோடு அல்ல, தங்களுக்குள்ளேயே. எது நிஜம், எது நிஜமில்லை என்பதுதான் சண்டை. எஞ்சின் இவ்வளவு சீக்கிரம் சூடாகுமா? எரிபொருள் காட்டும் முள் நடுங்க வேண்டுமா, அசையாமல் நிற்க வேண்டுமா? முள் விவகாரம் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடி, ஒருத்தர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போனார். வெயில் அடித்தால் விமானிக்கு எவ்வளவு நேரம் கண் கூசும் என்று ஒரு முறை மல்லுக்கட்டினார்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண்ணைப் பற்றி எனக்கும் நாலு விஷயம் தெரியும் என்று வாயைக் கொடுத்தேன். "நீ சொல்றது சாதாரண மனுஷன் கண்ணு. இது விமானி கண்ணு" என்றார். அதோடு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

பிறகு அந்த அப்டேட் வந்தது. அதுவரை குண்டு பட்டால் விமானத்துக்கு மட்டும்தான் சேதம். இனிமேல் விமானிக்கும் அடிபடும். தோளில் குண்டு பட்டால் திரை மங்கும், ஜாய்ஸ்டிக் கனக்கும், மூச்சு வாங்குவது கேட்கும். குழு அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இவர் மட்டும் ஒரு குறை கண்டுபிடித்தார். அடிபட்ட பிறகும் விமானி ரேடியோவில் பேசுகிற குரல் மாறவே இல்லை. "அடிபட்டுட்டேன், தளத்துக்குத் திரும்பறேன்" என்று ரயில் நிலைய அறிவிப்பு போலத் தெளிவாகச் சொல்கிறது.

அந்தக் குரலே இவருடையதுதான். ஆட்டத்தோடு வரும் குரல்கள் எல்லாம் வேற்று மொழி என்பதால், குழுவினர் தமிழில் ஒரு குரல் தொகுப்பு செய்து, வேண்டுகிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். விமானி பேசுகிற வசனம் முழுக்க இவர் கொடுத்தது. எதிரொலி வரக் கூடாது என்று துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு "இடது பக்கம் எதிரி, இடது பக்கம் எதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல குரல் அவருக்கு. எதை ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அதை ஒத்துக்கொள்வேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒரு காலத்தில் நான் கவிழ்ந்தேன்.

"தோள்ல குண்டு வாங்கினவன் இப்படியா பேசுவான்? நாக்கு குழற வேணாமா?" என்று இவர் ஆரம்பித்து வைத்தார்.

"குழறினா சேதி புரியாது கமாண்டர். சேதி புரியலேன்னா ரேடியோ எதுக்கு?" என்றார் கணக்கர். ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், எங்கள் ஊரிலேயே இருப்பவர், குழுவின் வழக்கறிஞர், நீதிபதி, போஸ்ட்மேன் எல்லாம் அவரே. குரல் தொகுப்பும் அவர் பொறுப்புதான்.

மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து குட்டையைக் குழப்பினார்கள். குழறுவதுதான் நிஜம் என்று ஒரு கட்சி. அதெல்லாம் நடிப்பு, விமானிக்குப் பயிற்சி உண்டு, உயிர் போகிற நேரத்திலும் தெளிவாகத்தான் பேசுவான் என்று இன்னொரு கட்சி. நாக்கு குழறுவதைப் பற்றி எழுதியவர்களில் பாதிப் பேருக்கு நாக்கில் சூடு பட்டதுகூட இருக்காது. இவர் விடவில்லை. தொகுப்பில் மாற்றாவிட்டால் போகிறது, பறக்கும்போது நமக்கு அடிபட்டால் நம் வாயாலேயே குழறிப் பேசுவோம் என்றார். தானே செய்தும் காட்டினார். சனிக்கிழமைதோறும் உள் அறையிலிருந்து முனகலும் இழுவையும் வர ஆரம்பித்தன. மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"பக்கத்து வீட்டுல போலீஸக் கூப்பிடப் போறாங்க" என்று கதவைத் தட்டினேன் ஒரு நாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார் உள்ளிருந்து.

"கண்றாவியா இருக்கு."

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்றார்.

அது நடந்த சனிக்கிழமை நான் கடையில் இருந்தேன், மகள் தோழி வீட்டில். குழு பறப்பதையெல்லாம் கணக்கர் பதிவு செய்து வைப்பார், இறங்கிய பிறகு உட்கார்ந்து அலசுவதற்காக. அந்தப் பதிவு இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. இல்லாமலே இருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

பதிவில் முதலில் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. மேகத்துக்கு மேலே விமானங்கள், வழி சொல்கிற இவர் குரல். பிறகு யாரோ "கமாண்டர், பின்னால!" என்று கத்துகிறார். இவர் விமானத்தில் குண்டு படுகிறது. அந்த நேரம் பார்த்துப் படாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. பட்டது. பட்டுக் கொஞ்ச நேரத்தில் இவர் பேச்சு வழுக்குகிறது. "கை" என்கிறார். திரும்பவும் "கை" என்கிறார். அதற்குப் பிறகு வாயிலிருந்து வருவதில் சொல் இல்லை. விமானம் வலது பக்கம் சாய்ந்து, சுற்றிச் சுற்றி இறங்குகிறது.

"ஆகா! கேளுங்கப்பா, கேளுங்க" என்கிறார் கணக்கர். "இன்னிக்குக் கமாண்டர் உச்சத்துல இருக்காரு."

"போன வாரத்தைவிடப் பிரமாதம்" என்கிறது வேறொரு குரல். "எனக்கே பயமா இருக்கு."

"அதுதானே ரியலிசம்!"

விமானம் தரையில் மோதுகிறது. மைக்கில் மூச்சும் முனகலும் நிற்கவில்லை. "போதும் கமாண்டர், செத்துட்டீங்க. செத்தவன் பேசக் கூடாது, நீங்க போட்ட சட்டம்தானே" என்கிறார் கணக்கர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு இவர் குரல் யாருக்கும் கேட்காதபடி அவரே இவர் மைக்கை அணைத்துவிடுகிறார். ஆட்டம் தொடர்கிறது.

சாயங்காலம் நான் வந்தபோது இவர் நாற்காலியிலிருந்து சரிந்து, பெடலுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தார். ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. அதற்குள் யாரோ யாரையோ பாராட்டிக்கொண்டிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. பக்கவாதம் என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டு வந்திருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் வீட்டில் இருந்திருந்தால் மட்டும் அது நடிப்பு இல்லை என்று கதவைத் திறந்திருப்பேனா? இந்தக் கேள்வியை நான் எனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் கேட்கக் கூடாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் போனை நீட்டினாள். கணக்கர் அன்றைக்கே அந்தத் துண்டை வெட்டிக் குழுப் பக்கத்தில் போட்டிருந்தார். 'அடிபட்டவன் எப்படிப் பேசுவான் என்று கேட்டவர்களுக்குக் கமாண்டரின் பதில்' என்று தலைப்பு. கீழே கைதட்டல் படங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு இவர் படுத்திருக்கிறார், இங்கே கைதட்டல் ஏறிக்கொண்டே போகிறது. மகள் அழுதுகொண்டே அங்கே எழுதினாள், "அப்பா ஐசியூல இருக்காரு. தயவு செஞ்சு எடுத்துடுங்க." உடனே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மன்னிப்புகள் வந்தன, நீளம் நீளமாக. நான் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கால் மெல்ல வந்தது. வலது கை வரவில்லை. பேச்சு வரவில்லை. புத்திக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் புரிகிறது. அதுதான் கொடுமை. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். பொறுமைசாலி. சீப்பு, சாவி, கோப்பை என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "இது என்ன சார், சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். இவர் சுவரைப் பார்ப்பார். வாயைத் திறக்கவே மாட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒரு நாள் அட்டையைப் பிடுங்கி வீசியும் பார்த்தேன்.

"நாக்குல பலம் இருக்கு மேடம். குழறினாலும் பரவாயில்லேன்னு பேசணும். பேசப் பேசத்தான் வரும். இவரு குழறவே கூடாதுங்கறாரு" என்றாள் அந்தப் பெண். "இன்னும் சில மாசம்தான் நல்லா பலன் இருக்கும். அப்புறம் கஷ்டம்."

இப்படி இருக்கும்போதுதான் கணக்கர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. முதன்முறையாக நேரில் பார்க்கிறேன். பயந்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, மூக்கிலிருந்து வழுக்குகிற கண்ணாடி. என் கடைக்கு வந்திருந்தால் காதுப்பிடியை வளைத்துச் சரிசெய்து அனுப்பியிருப்பேன். இங்கே வழுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணி, என்னை மன்னிக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்று ஆரம்பித்தார். அண்ணியாம் அண்ணி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, ஆரஞ்சுப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினார். மன்னிப்போடு வந்திருந்தால் அதோடு போயிருப்பார். மனிதர் வேறு ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

"குரல் தொகுப்பைப் புதுசாக்கறோம். அடிபட்ட விமானிக்குத் தனிக் குரல் வைக்கலாம்னு முடிவாயிடுச்சு. கமாண்டர் கேட்டதுதான். மத்த வசனமெல்லாம் அவர் குரல், அதனால இதுக்கு வேற ஆள் பேசினா ஒட்டாது. அந்தப் பதிவு என்கிட்ட இருக்கு. அதுலேருந்து..." என்று மென்று விழுங்கினார். "அவருக்கு ஒரு மரியாதையா இருக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவே இல்லை.

"எதைக் கேக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றேன். "அவரு அங்க செத்துட்டிருந்தாரு. நீங்க கைதட்டுனீங்க. இப்ப அதை வெட்டித் துண்டு போட்டு, கண்டவன் எல்லாம் பொத்தானை அழுத்தி அழுத்திக் கேக்கணுமா? உங்க அப்பா கடைசி மூச்சு இருந்தா கொண்டு வாங்க, அதையும் சேர்த்துப் போடுவோம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் நீர். "வேணாம் அண்ணி, நான் கேட்டதே தப்பு" என்று வாசலைப் பார்த்தார்.

அப்போது இவர் இடது கையால் மேசையைத் தட்டினார். பலமாக. சொல்ல வேண்டியதை எழுதிக் காட்ட மகள் அவருக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்தினார். நானும் கணக்கரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எழுதி முடித்து எங்கள் பக்கம் திருப்பினார்.

'போடுங்க. நான் சொன்னேன்ல.'

அவர் முகத்தில், ஆடாத பாதியிலும் ஆடுகிற பாதியிலும், பெருமை தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பெருமை. மாதக்கணக்கில் வாதாடிய விஷயத்தில் ஜெயித்துவிட்டார். எதை வைத்து ஜெயித்தோம் என்பது பெரிதில்லை. எனக்கு அந்த ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உடம்பில் பாதி போயிருக்கிறது, வீட்டில் பொண்டாட்டி ஒரு வார்த்தைக்குத் தவம் கிடக்கிறாள், உனக்கு அந்தச் சண்டையில் ஜெயிப்பதுதானா பெரிது?

"உங்க குரல். உங்க இஷ்டம்" என்றேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அது எப்படிப் பதிவானது, அன்றைக்கு என்ன நடந்தது என்று வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது. கமாண்டர் கொடுத்த குரல், அவ்வளவுதான். குழுவில் இருக்கிற எல்லோரும் வாயைக் கட்ட வேண்டும். கணக்கர் சம்மதித்தார். அதை மட்டும் கடைசிவரை காப்பாற்றினார்.

புதிய தொகுப்பு வெளியானது. அதைக் குழுவுக்கு வெளியே இருக்கிறவர்களும், முன்பின் தெரியாத ஆயிரம் பேரும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொதுப் பக்கத்தில் கருத்துகள் வர ஆரம்பித்தன. நான் படிக்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். கடையில் கூட்டமில்லாத மதிய வேளைகளில், லென்ஸ் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்க ஆரம்பித்தேன்.

'மற்றதெல்லாம் அருமை. அந்தக் குழறல் மட்டும் சகிக்கவில்லை.'

'ஓவர் ஆக்டிங். நாடகக் கம்பெனியிலிருந்து ஆள் பிடித்தீர்களா?'

'குண்டு தோளில்தானே பட்டது, நாக்கிலா பட்டது?'

'குடித்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கிறது' என்று ஒருத்தன். அதற்குச் சிரிப்புப் படங்கள்.

நிஜவானம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர்தான் இதில் பெரிய ஆள். பத்தி பத்தியாக எழுதுவார். அடிபட்ட உடம்பு என்ன செய்யும், இரத்தம் எவ்வளவு போனால் நினைவு தப்பும், எல்லாம் விரல் நுனியில். 'நான் எதிர்ப்பது உழைப்பை அல்ல. ஆனால் இந்தக் குரலில் நிஜம் இல்லை. துன்பம் இப்படி இருக்கும் என்று ஒரு நடிகர் கற்பனை செய்திருக்கிறார், அது கேட்டாலே தெரிகிறது' என்று எழுதியிருந்தார். அதற்கு ஏகப்பட்ட பாராட்டு.

சண்டை முற்றியதும் கணக்கர் நடுவில் புகுந்து ஒரு ஆப்ஷன் வைத்தார். வேண்டுமென்றால் குழறல் குரல், வேண்டாமென்றால் அதை அணைத்துவிட்டுப் பழைய தெளிவான குரல். 'தேர்வு விளையாடுகிறவர்கள் கையில் இருக்கட்டும்' என்று எழுதினார். அது நிஜமான குரல் என்று ஒரு வரி எழுதவில்லை. எழுத முடியாது, நான்தான் வாயைக் கட்டிவைத்திருந்தேன். எல்லோரும் அணைத்துவிட்டோம், அணைத்துவிட்டோம் என்று வந்து வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஏன் அப்படி வயிறு எரிந்தது? கொடுக்காதே என்று சொன்னவள் நான். கண்டவன் கேட்கக் கூடாது என்றவள் நான். இப்போது யாரும் கேட்கவில்லை. நான் நினைத்ததுதான் நடந்திருக்கிறது. ஆனால் அந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுப்பிய சத்தத்தை, நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒருத்தன் நடிப்பு என்கிறான். அதை இவரும் டேப்லெட்டில் படிக்கிறார், எனக்குத் தெரியும். என்னிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் குறைந்துபோனது.

ஒரு மதியம் கடையிலிருந்தே அந்தப் பக்கத்தில் சேர்ந்தேன். பெயர் கேட்டது. மூக்குக்கண்ணாடி என்று போட்டேன்.

'எனக்குத் தெரிந்து ஒருவருக்குப் பேச்சு இப்படித்தான் போயிற்று. இது நடிப்பு இல்லை. இப்படித்தான் இருக்கும்' என்று எழுதினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நிறைய இருந்தது. நான் போட்ட வாய்க்கட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

நிஜவானம் உடனே பதில் போட்டார். மரியாதையாகத்தான். 'வணக்கம். தெரிந்தவர், கேள்விப்பட்டேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஆதாரம் இருக்கிறதா?'

ஒரு அம்மா தன் பிள்ளைக்குப் புதுக் கண்ணாடி வாங்க வந்து நின்றிருந்தார். "இது தெளிவா இருக்கா, இல்ல முதல்ல போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். முதலாளி வந்து, "உடம்பு சரியில்லையா? வீட்டுக்குப் போங்க" என்றார். போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். ஆதாரம் வேண்டுமா? தருகிறேன். என் வீட்டில் உயிரோடு இருக்கிறது ஆதாரம். போனை அவர் வாய்க்கு நேரே பிடித்து, நாலு வார்த்தை பேசவைத்து, அதை அந்த நிஜவானத்தின் மூஞ்சியில் எறிய வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் திறக்க வைக்கிறேன். அவ்வளவு வெறி எனக்கு.

வீட்டுக் கதவைத் திறந்தபோது உள் அறையிலிருந்து எஞ்சின் சத்தம் வந்தது. அந்த நேரத்துக்கு நான் வருவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், பகலெல்லாம் வீட்டில் அவர் மட்டும்தான். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் மாற்றிவைத்துக்கொண்டு இவர் பறந்துகொண்டிருந்தார். ஒற்றைக் கையால் மாட்ட முடியாததால் ஹெட்செட் இல்லை, ஸ்பீக்கர்தான். நல்லதாகப் போயிற்று என்று போனில் பதிவைத் தட்டிவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அவர் தப்பிக்க முயற்சி செய்யவே இல்லை. எதிரிக்கு முன்னால் நேராகப் போய் நின்று கொடுத்தார். குண்டு பட்டது, திரை மங்கியது, மூச்சு வாங்கியது. இப்போது குழறல் வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வரவில்லை. "அடிபட்டுட்டேன், தளத்துக்குத் திரும்பறேன்" என்றது ஸ்பீக்கர். தெளிவாக, கணீரென்று, அலமாரிக்குள் உட்கார்ந்து பேசிய அந்தக் குரலில். அவரும் அந்த ஆப்ஷனை அணைத்து வைத்திருந்தார்.

பிறகு இவர் வாய் திறந்தது. எத்தனை மாதமாக எனக்காகத் திறக்காத வாய். "அ... அழி... அழிப..." என்று இழுத்தது. எச்சில் ஒழுகியது. இடது கையால் துடைத்துக்கொண்டார். திரும்ப ஆட்டத்தைத் தொடங்கினார், திரும்ப நேராகப் போய் அடி வாங்கினார். அந்தக் குரல் சொன்னது. பின்னாலேயே இவர் சொன்னார். "அழிபத்தே..." தன் குரலைத் தானே துரத்திக்கொண்டு, எட்டாமல், மறுபடி மறுபடி. அட்டையைக் காட்டினால் சுவரைப் பார்த்த மனிதர். அந்த வாயிலிருந்து வந்த சத்தம் தொகுப்பில் இருந்த சத்தம்தான், அப்படியே. ஓவர் ஆக்டிங்.

கதவு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார், என் கையிலிருந்த போனையும் பார்த்தார். அப்படி ஒரு கூச்சத்தை நான் எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தில் பார்த்ததில்லை. இடது கை அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் போனது. பட்டது தண்ணீர்க் கோப்பையில். கோப்பை உருண்டு பெடல் மேல் விழுந்தது.

"எப்போலேருந்து அணைச்சு வச்சிருக்கீங்க?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டேப்லெட்டை இழுத்துக் குத்தினார்.

'முதல் நாளே. கேட்க முடியலே. அது நான் இல்லே.'

நான் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன். பெடலைத் துடைத்தேன். அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டே, "என்கிட்ட குழறினா என்னங்க? நான் என்ன ஆதாரமா கேக்கறேன்?" என்றேன். என் முன்னால் அவர் வாய் திறக்காது, அன்றைக்கும் திறக்கவில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆயிரம் பேர் கேட்கும்படி கொடுக்க முடிந்தது, எனக்குக் கொடுக்க முடியவில்லை.

பதிவு போனில் இருந்தது. நிஜவானம் கேட்டது அதுதான். அதைவிட நல்ல ஆதாரம் உலகத்தில் யாரிடமும் இருந்திருக்காது. சமையலறையில் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டு ஒரு முறை கேட்டேன். பிறகு அழித்தேன். இப்போது பகலில் நான் வீட்டுக்குப் போவதாக இருந்தால் முன்னாலேயே போன் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், அவர் நிறுத்திக்கொள்ளட்டும் என்று.

சில நாள் காத்திருந்துவிட்டு நிஜவானம் அங்கே எழுதினார், 'மூக்குக்கண்ணாடி ஆதாரம் எதுவும் தரவில்லை. ஆகவே அந்தக் குரல் நிஜமல்ல என்ற முடிவுக்கு வருகிறோம்.' அதற்குக் கைதட்டல் படங்கள் வந்தன. கைதட்டியவர்களில் முதல் ஆள் என் கணவர்.